சாக்பீஸ் பிடித்த கையும் உழைக்கும் கையே!



காலை 7 மணிக்குப் புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. தோளில் இன்னொரு பை. மார்போடு அணைத்த நோட்டுக் கட்டு. கந்தர்வகோட்டை பஸ் போய்விட்டதா, இலுப்பூர் பஸ் எங்கே நிற்கிறது, ஆவுடையார்கோயில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். மணமேல்குடிக் கடற்கரை வரைக்கும், கறம்பக்குடி, பொன்னமராவதி உள்கிராமங்கள் வரைக்கும் போக வேண்டியவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் பலருக்குப் பயணம் முடியாது. அங்கிருந்து ஸ்கூட்டரிலோ, நடந்தோ இன்னும் சில மைல்.

யார் இவர்கள்? நம் பிள்ளைகளின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதக் கற்றுத்தரும் சர்க்கார் பள்ளி ஆசிரியர்கள்.

இந்தக் காட்சியைக் கீழராஜ வீதி டீக்கடை ஒன்றில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமைப்பணித் தோழர் ஒருவர் சிரித்தார்.

“என்னண்ணே நீங்க! வாத்தியாருக்கு என்ன கொறச்சல்? காத்தாடிக்குக் கீழே வேலை. மாசம் பொறந்தா சம்பளம். கோடை வந்தா லீவு. நாங்க மூட்டை தூக்கி முதுகு ஒடியுது. எங்களைப் பத்தி எழுதுங்கண்ணே!”

அவர் சொன்னதில் பாதி உண்மை. மறுக்க மாட்டேன். நிரந்தர ஆசிரியர் வாங்கும் சம்பளம், மூட்டை தூக்கும் தோழர் கனவில்கூடக் காணாத தொகை. லீவும் அதிகம்தான். ஆனால், தோழர்களே, சம்பளம் வேறு, உடம்பு வேறு. சம்பளம் கூடினால் குரல்வளை இரும்பாகி விடுமா? மாதம் பிறந்தால் பணம் வருகிறது என்பதற்காக, ஒடிந்த ஓடு தலையில் விழாமல் திரும்பிப் போகுமா? கத்தியோடு வருகிறவன் சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டா குத்துகிறான்?

இந்தக் கடைசிக் கேள்வி கற்பனையல்ல. நம் வாசலுக்கு அருகிலேயே நடந்தது.

மல்லிப்பட்டினத்தில் ஒரு காலை

நம் மாவட்டத்துக் கட்டுமாவடியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போனால், தஞ்சை மாவட்டத்து மல்லிப்பட்டினம் வரும். கடலை நம்பி வாழும் ஊர். அங்கே ஒரு சர்க்கார் உயர்நிலைப் பள்ளி. அதில் 26 வயது ஆசிரியை ஒருவர் வேலை பார்த்தார். நிரந்தர வேலை அல்ல, தற்காலிக வேலை. 20-11-2024 அன்று காலை, பள்ளி நடந்துகொண்டிருக்கும் வேளையில், ஓர் இளைஞன் உள்ளே நுழைந்து அவரைக் கத்தியால் குத்தினான். பெண் கேட்டு மறுக்கப்பட்டவன் என்பது வழக்கு. ஆசிரியையின் உயிர் நிற்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்தில், வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்திலேயே ஒரு ஊழியர் கொல்லப்பட்டார்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான், 13-11-2024 அன்று, சென்னை கிண்டி சர்க்கார் மருத்துவமனையில் ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். நல்லவேளையாக உயிர் பிழைத்தார். டாக்டர்களையும் மருத்துவமனைகளையும் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் கத்தி வந்தது என்பது வேறு. ஆனால் ‘மருத்துவமனை ஆபத்துள்ள வேலையிடம்’ என்று சர்க்கார் ஏட்டில் ஒப்புக்கொண்டு விட்டது அல்லவா? பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்படி ஒரு வரி எங்கே? மல்லிப்பட்டினத்துக்குப் பிறகு ஆசிரியர் சங்கங்கள் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.

இறந்த ஆசிரியையின் குடும்பத்துக்கு முதலமைச்சரின் நிவாரணமாக 5 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கொடுத்தது நல்லதே. குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள். நிவாரணம்! நஷ்டஈடு அல்ல. நிவாரணம் என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. நஷ்டஈடு என்பது உரிமை. கணக்குப் போட்டுக் கேட்டு வாங்குவது.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். தொழிலாளி வேலையினால் செத்தால் என்ன கொடுக்க வேண்டும் என்பதற்கு அன்றைக்கு நடப்பிலிருந்தது 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம். மாதச் சம்பளத்தில் பாதியை எடு; வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கு. அதுதான் அந்தச் சட்டத்தின் வாய்பாடு. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 26 வயதுக்கு உரிய எண் 215.28. ஆக, 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 26 வயதுத் தொழிலாளி வேலையில் மாண்டால், 7,500ஐ 215.28 ஆல் பெருக்கு: 16 லட்சத்து 14 ஆயிரத்து 600 ரூபாய்.

“தனிப்பட்ட பகையால் வந்த சாவு, வேலையால் வந்த சாவல்ல” என்று அங்கேயும் எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். வாதாடட்டும்! பதில் சொல்ல அங்கே ஒரு அதிகாரி உண்டு. ஒரு கணக்கு உண்டு. தட்டுவதற்கு ஒரு கதவு உண்டு. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் இல்லாத ஆசிரியருக்கு அந்தக் கதவே இல்லை.

தொழிலாளியா? தொண்டரா?

ஏன் இல்லை? ஆசிரியர் தொழிலாளி இல்லையாம்!

இது நானாகச் சொல்வதல்ல. சுப்ரீம் கோர்ட் சொன்னது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை. பெயர் சுந்தராம்பாள். வேலையை விட்டு நீக்கினார்கள். தொழில் தகராறுச் சட்டப்படி நியாயம் கேட்டுப் படியேறினார். 1988ல் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆனால் அங்கே பாடம் சொல்லும் ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டார் என்றது தீர்ப்பு. உடலுழைப்பு வேலையல்ல, எழுத்தர் வேலையல்ல, தொழில்நுட்ப வேலையுமல்ல. கல்வி புகட்டுவது உயர்ந்த பணி என்பது அதன் சாரம்.

உயர்ந்த பணி! கேட்க இனிக்கிறது. நாமும் அதைத்தான் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். மாதா, பிதா, குரு என்று வரிசை வைத்தோம். மாலை போட்டோம். செப்டம்பர் 5 வந்தால் வாழ்த்துச் சொல்கிறோம். ஆனால் மாலை போட்ட கழுத்துக்குள்ளே ஒரு தொண்டை இருக்கிறதே, அது கட்டிப்போனால் யார் கேட்டோம்? தெய்வம் என்று உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால், தெய்வத்துக்குத் தாகம் எடுக்குமா, கால் வலிக்குமா, கக்கூஸ் வேண்டுமா என்று எவரும் நினைப்பதில்லை.

தீர்ப்பு வந்துவிட்டதே, இனி என்ன செய்வது என்று உட்கார வேண்டியதில்லை. இன்னொரு கதை கேளுங்கள். பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் வரமாட்டார் என்று 2004ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆசிரியர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 2009ல் பார்லிமெண்ட் சட்டத்தையே திருத்தியது. அதுவும் 3-4-1997 முதல் பின்தேதியிட்டுச் செல்லும் என்று திருத்தியது. தனியார் பள்ளி முதலாளிகள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2022ல் அதே சுப்ரீம் கோர்ட் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் வேலியைப் பிடுங்கி நட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மில்லில் உண்டு, பள்ளியில் இல்லை!

மில் தொழிலாளித் தோழர்களுக்குத் தெரியும். 1948 தொழிற்சாலைச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. தொழிலாளர் ரத்தம் சிந்திப் பெற்றது. அதில் என்ன இருந்தது? நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு இடையில் உட்கார வசதி வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் வேண்டும். அடிபட்டு 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் இன்ஸ்பெக்டருக்கு அறிவிப்புப் போக வேண்டும்.

2021ல் தமிழ்நாட்டில் கடைச் சிப்பந்திகளுக்கும் உட்காரும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டது. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று நின்று கால் நரம்பு புடைத்த சகோதரிகளுக்கு நாற்காலி கிடைத்தது. பெரிய வெற்றி!

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய தொழிற்சாலைச் சட்டம், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அதிலும் உட்கார வசதி என்ற ஷரத்து இருக்கிறது. ஆனால் அதே சட்டம் தன் முதல் பிரிவிலேயே, மத்திய சர்க்கார் அலுவலகங்களுக்கும் மாநில சர்க்கார் அலுவலகங்களுக்கும் இது பொருந்தாது என்று கையை விரித்துவிடுகிறது. மற்றவருக்குச் சட்டம் போடும் சர்க்கார், தன் வீட்டு வாசலில் மட்டும் விலக்குப் பலகை மாட்டிக்கொள்கிறது!

சரி, பள்ளிக்கென்று இருக்கும் சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை வேண்டும் என்கிறது. மாணவருக்குத் தனி, மாணவியருக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. குடிதண்ணீர், சமையல் கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கின்றன. நல்லவை, தேவையானவை. ஆனால் ஆசிரியருக்குக் கழிப்பறை? அந்தச் சொல் இல்லை. ஆசிரியருக்கு ஓய்வறை? அதுவும் இல்லை. தலைமையாசிரியருக்கு மட்டும் ஓர் அறை உண்டு. அதுவே அலுவலகம்; அதுவே சாமான் அறை!

இதன் பலன் என்ன? கூச்சத்தை விட்டுப் பேசுவோம் தோழர்களே. நம் வீட்டுப் பெண்களின் கதை இது. காலை 7 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்ட ஆசிரியை மாலை வீடு திரும்பும் வரை என்ன செய்வார்? பிள்ளைகளின் கழிப்பறை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறவர்கள் பலர். நாள் முழுக்கப் பேசும் தொண்டைக்குத் தண்ணீர் இல்லை. சிறுநீரை அடக்கி அடக்கிச் சிறுநீர்ப்பாதையில் நோய்த்தொற்று. மாதவிலக்கு நாட்களில் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். கர்ப்பிணி ஆசிரியை படும் பாடு அதைவிடக் கொடியது. ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தாழ்ப்பாள்! இதற்காகவா ஒரு சகோதரியின் உடம்பு கெட வேண்டும்?

குரலில் காய்த்த காய்ப்பு

மண்வெட்டி பிடித்தவன் உள்ளங்கையைப் பாருங்கள், காய்ப்புக் காய்த்திருக்கும். மூட்டை சுமப்பவர் தோளைப் பாருங்கள், தோல் தடித்திருக்கும். ஆசிரியரின் காய்ப்பு வெளியே தெரியாது. அது தொண்டைக்குள்ளே இருக்கிறது.

நம் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண் குரலில் நொடிக்குச் சுமார் 120 முறை. பெண் குரலில் சுமார் 200 முறை. கத்திப் பேசப் பேச மோதலின் வேகம் கூடும். மோதி மோதி அந்த இடத்தில் சிறு முடிச்சுகள் காய்த்துவிடும். கையில் காய்த்த காய்ப்பு வேலைக்கு உதவும். குரலில் காய்த்த காய்ப்பு குரலையே தின்றுவிடும். முதலில் மாலையில் மட்டும் கரகரப்பு. பிறகு காலையிலும் கரகரப்பு. பிறகு பேச்சே கம்மிப்போகும்.

ஆசிரியர் ஏன் கத்த வேண்டும் என்று கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! நம் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு. இன்னொரு மூலையில் மூன்றாம் வகுப்பு. ஒரு மூலையில் வாய்பாடு, இன்னொரு மூலையில் பாட்டு. அந்த இரைச்சலுக்கு மேல் குரல் எழும்ப வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் இன்னும் மேலே எழும்ப வேண்டும். ஓர் ஆசிரியர் லீவு போட்டாலோ, கூட்டத்துக்குப் போனாலோ, ஐந்து வகுப்பும் ஒரே தொண்டையில்!

அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களில் ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்தவர்கள், ஆசிரியரல்லாதாரில் நூற்றுக்கு 28.8 பேர். ஆசிரியர்களில் நூற்றுக்கு 57.7 பேர். சரியாக இரண்டு பங்கு! மைக்கும் நல்ல கட்டிடமும் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், தகரக் கூரைக்குக் கீழே என்னவாக இருக்கும்? போலந்து நாட்டில் நீண்டகாலம் குரலை உழைத்ததால் வரும் நாட்பட்ட குரல் நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அங்கே ஆசிரியரின் தொண்டை, சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைப் போலவே கணக்கில் வருகிறது.

சாக்பீஸ் தூசியைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அன்னவாசல், திருமயம் பக்கத்துக் கல்குவாரித் தோழர்கள் மூச்சில் இழுக்கும் கல்தூசி வேறு, இது வேறு. கல்தூசி நுரையீரலை இறுக்கிக் கொன்றே விடும். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு வகை, அப்படிக் கொல்லாது. ஆனால் கண்ணை உறுத்தும், மூக்கைக் கெடுக்கும், ஏற்கனவே இளைப்பு உள்ளவரைப் படுக்கவைக்கும். ஒன்றைப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்குவது நம் நோக்கமல்ல. குவாரித் தொழிலாளிக்கும் நியாயம் வேண்டும்; ஆசிரியருக்கும் வேண்டும்.

கணக்கில் வராத சாவுகள்

எல்லாவற்றிலும் கொடுமை எது தெரியுமா? கணக்கே இல்லாததுதான்.

பள்ளியில் எதற்குப் பதிவேடு இல்லை? பிள்ளைகளின் வருகைக்குப் பதிவேடு. சத்துணவு முட்டைக்குப் பதிவேடு. பாடப் புத்தகத்துக்கு, காலணிக்கு, சைக்கிளுக்குப் பதிவேடு. இதற்கெல்லாம் மேலே ‘எமிஸ்’ என்று போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள். ஆனால் ஆசிரியர் வழுக்கி விழுந்தார், ஓடு விழுந்து காயப்பட்டார், குரல் போய் ஆபரேஷன் செய்துகொண்டார், பள்ளிக்கு வரும் வழியில் லாரி மோதி இறந்தார் என்று எழுதி மேலே அனுப்பச் சட்டம் கேட்கும் பதிவேடு எங்கே? முட்டைக்கு இருக்கும் மரியாதை அதைப் பரிமாறும் இடத்தில் நிற்கும் மனிதருக்கு இல்லையா?

எண்ணாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் பாடம். கொரோனா கொழுந்துவிட்டு எரிந்த 2021 ஏப்ரலில் அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தினார்கள். ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பினார்கள். தேர்தல் முடிந்ததும் ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது: மாண்ட ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் 1,621 பேர். சர்க்கார் சொன்ன எண் எத்தனை? மூன்று! எப்படி? வீட்டை விட்டுத் தேர்தல் வேலைக்குப் புறப்பட்டது முதல் வீடு திரும்பும் வரை இறந்தால்தான் கணக்காம்! தொற்று வாங்கிய மறுகணமே எவர் சாவார்? நோய் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தானே கொல்லும்? நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. பிறகுதான் விதியை மாற்றினார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்களையும் சேர்த்து, குடும்பத்துக்கு 30 லட்சம் என்றார்கள். மூன்று என்ற எண்ணை உடைத்தது எது? சங்கம் எழுதி வைத்திருந்த பெயர்ப் பட்டியல்! எண்ணிக்கையே ஆயுதமாயிற்று.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வீடுவீடாகப் படிவத்தோடு அலைந்தார்கள். வேலைப் பளுவில் சில மாநிலங்களில் உயிர்ப்பலியும் தற்கொலையும் நடந்ததாகச் செய்தி மேல் செய்தி வந்தது. டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, கூடுதல் ஆட்களைப் போட்டுப் பளுவைக் குறையுங்கள் என்று மாநில சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது. கல்வி உரிமைச் சட்டப்படி தேர்தல், மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. சரி, அந்த மூன்றுக்கு அனுப்பும்போதாவது அவர் உடம்புக்கு யார் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா? இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது பள்ளிக்கூடங்கள்தானே நமக்குக் கூரையாயின? பேரிடர் என்றால் முதலில் திறப்பது பள்ளிக் கதவு. திறப்பவரை மட்டும் மறந்துவிடுகிறோம்.

வழிப்பயணத்துக்கு வருவோம். மராட்டியத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003ல் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வேலைக்குப் போகும் வழியும் வேலையோடு சேர்ந்ததே. நஷ்டஈடு உண்டு என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு! தொழிலாளி வர்க்கம் கொண்டாட வேண்டிய தீர்ப்பு. ஆனால் காலை 7 மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறும் டீச்சருக்கு அது பொருந்தாது. ஏனென்றால் அவர் அந்தச் சட்டத்தின் தொழிலாளி இல்லையே!

1966லேயே சொல்லிவிட்டார்கள்

இதெல்லாம் புதுக்கோரிக்கையா? இல்லவே இல்லை. 1966 அக்டோபர் 5ஆம் தேதி, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆசிரியர் நிலை பற்றி ஒரு பரிந்துரையை நிறைவேற்றின. உலக ஆசிரியர் தினம் அந்த நாளில்தான் கொண்டாடப்படுகிறது. அதில் என்ன இருக்கிறது? ஆசிரியருக்குக் காலாகாலத்தில் மருத்துவப் பரிசோதனை வேண்டும். அது இலவசமாக இருக்க வேண்டும். பள்ளிக்குள் மட்டுமல்ல, பள்ளி வேலையாக வெளியே போன இடத்தில் காயம் பட்டாலும் பாதுகாப்பு வேண்டும். பிள்ளைகளிடமிருந்து ஆசிரியருக்குத் தொற்றும் நோய்களைத் தொழில் நோய் என்றே கொள்ள வேண்டும். இத்தனையும் 1966லேயே எழுதிவைத்த வாசகங்கள்! 2022 ஜூனில் அதே ஸ்தாபனம், ஆபத்தில்லாத வேலையிடம் என்பதை உழைப்போரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே சேர்த்துவிட்டது.

இங்கே என்ன நடக்கிறது? சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் தருகிறார்கள். நோய் வந்த பிறகு மருந்து! நோய் எங்கே பிறந்தது என்ற கேள்வி இல்லை. 2022ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது முதலில் அறிவித்த தொகையைக் கேளுங்கள்: இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். டீக்கடையில் சிரித்த சுமைப்பணித் தோழரே, இந்த எண்ணை உங்கள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! மல்லிப்பட்டினத்தில் மாண்டவர் தற்காலிக ஆசிரியை என்பதை மறந்துவிடாதீர்கள்.

நமக்கென்ன என்கிறீர்களா?

“சரி அண்ணே, வாத்தியார்களுக்குச் சங்கம் இருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கென்ன?” என்று கேட்கலாம்.

நமக்குத்தான் எல்லாம்! பணக்காரன் பிள்ளை சர்க்கார் பள்ளிக்கு வருவதில்லை. குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி, மீனவர், கொத்தனார், சித்தாள், லோடுமேன் இவர்கள் பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சரின் குரல் போனால் யார் பாடம் போகிறது? ஓடு உடைந்து விழுந்தால் டீச்சர் தலையில் மட்டுமா விழும்? 17-12-2021 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடெங்கும் பழுதான பள்ளிக் கட்டிடங்களைத் தேடி இடித்தார்கள். ஆசிரியருக்கு ஆபத்தான இடம் பிள்ளைக்கும் ஆபத்தான இடம். இரண்டும் ஒரே கூரை!

இந்த மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. 1991-92ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் எழுந்தபோது, கல்லுடைக்கும் பெண்கள் சிலேட்டுப் பிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அன்று சைக்கிளில் ஏறிய தலைமுறையின் மகள்தான் இன்று ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும் டீச்சர். அவர் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டாமா?

ஆகவே நாம் கேட்கிறோம். ஆளவந்தவர் எந்தக் கட்சியாயினும் கேட்கிறோம்.

பள்ளிதோறும் ஆசிரியரின் காயத்துக்கும் தொழில் நோய்க்கும் ஒரு பதிவேடு வை! மில்லில் 48 மணி நேரம் என்றால் பள்ளிக்கும் அதே விதி!

ஆசிரியருக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள தனிக் கழிப்பறை கொடு! வகுப்புக்கு ஒரு நாற்காலி கொடு!

ஆண்டுக்கு ஒரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை நடத்து! அதில் தொண்டையையும் பார்!

வேலையில் வரும் சாவுக்கும் ஊனத்துக்கும் நிவாரணமல்ல, நஷ்டஈடு கொடு! தற்காலிகம், நிரந்தரம் என்று பிணத்தில் பேதம் பார்க்காதே!

வாசலில் ஆள் வை! யார் உள்ளே வருகிறார், எதற்காக வருகிறார் என்று கேட்க ஒருவர் இருக்கட்டும்!

தோழர்களே, கேட்பதோடு நிற்க வேண்டாம். நம் கையிலும் ஒரு சாவி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர். அதாவது நாம்தான்! நம் வீட்டுப் பெண்கள்தான்! அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கூலி போகிறதே என்று பார்க்காதீர்கள், ஒரு வேளைதான். போய் மூன்று கேள்வி கேளுங்கள். டீச்சருக்குக் கழிப்பறை இருக்கிறதா? கூரையை எஞ்சினீயர் கடைசியாக எப்போது பார்த்தார்? சென்ற ஆண்டு இந்தப் பள்ளியில் எந்த ஆசிரியருக்கு என்ன காயம், என்ன நோய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்காது. அப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அங்கேயே மேஜைமேல் வையுங்கள். “இன்றிலிருந்து எழுதுங்கள்” என்று சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்தில் மூன்று என்ற பொய்யை உடைத்தது அப்படி எழுதி வைத்த பட்டியல்தான்.

டீக்கடையில் இத்தனையும் கேட்ட சுமைப்பணித் தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

“எம் மக படிக்கிற பள்ளிக்கூடத்துல டீச்சரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிட்டு மூணு வாரமாப் பேச்சு வரலியாம்ணே. நா வந்து... ஏதோ லீவு போடச் சாக்குன்னு நெனச்சேன்” என்றார்.

பிறகு கேட்டார்: “அந்தக் குழுக் கூட்டம் என்னைக்குண்ணே?”

அந்தக் கேள்வியை ஒவ்வொரு தோழரும் கேட்கட்டும். மூட்டை சுமக்கும் தோளும், கல்லுடைக்கும் கையும், வலை இழுக்கும் கையும் போய், சாக்பீஸ் பிடித்த கையைப் பற்றிக்கொள்ளட்டும். எல்லாம் உழைக்கும் கைகளே!